தனிப் புத்தகக் கடைக்கு முதல்முறை போகிறோம்: ஒரு முழுமையான வழிகாட்டி

புத்தகம் வாங்குவதற்காக இன்று யாரும் வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டியதில்லை. போனில் பெயரைத் தட்டினால் இரண்டு நாளில் வாசலுக்கு வந்துவிடும். ஆனால் அப்படி வருவது நமக்குப் பெயர் தெரிந்த புத்தகம் மட்டும்தான். பெயரே தெரியாத புத்தகத்தை எந்தப் பெட்டியில் தட்டித் தேடுவது? அதற்குத்தான் கடை.

என் வீட்டு அலமாரியில் நான் திரும்பத் திரும்ப எடுத்துப் புரட்டும் புத்தகங்களில் பாதிக்கு மேல், வேறு ஏதோ வாங்கப் போன இடத்தில் கையில் பட்டவை. இருபது வயதில் ஒரு சரித்திர நாவல் கேட்டுக் கடைக்குப் போனேன். அது இல்லை. கல்லாவில் இருந்த பெரியவர், "கதை கேட்பது பிடிக்குமா?" என்று மட்டும் கேட்டார். பிடிக்கும் என்றேன். கி. ராஜநாராயணனின் 'கோபல்ல கிராமம்' நாவலை எடுத்துக் கையில் வைத்தார். அன்று இரவு நான் தூங்கவில்லை. அந்தக் கடைக்கு இன்றும் போகிறேன்.

அந்த அனுபவம் உங்களுக்கும் கிடைக்க வேண்டும் என்பதற்காகவே இந்த வழிகாட்டி. சென்னையை வைத்துப் பேசுகிறேன், நான் அதிகம் சுற்றிய ஊர் அதுதான். முறை எல்லா ஊருக்கும் ஒன்றுதான். வாருங்கள், சேர்ந்தே போவோம்.

தனிக் கடை என்றால் என்ன?

ஊர் ஊராகக் கிளை வைத்து, எல்லாக் கிளையிலும் ஒரே மாதிரி அடுக்கும் பெரிய நிறுவனம் ஒரு வகை. ஒருவரோ ஒரு குடும்பமோ சில நண்பர்களோ நடத்தும் கடை இன்னொரு வகை. எந்தப் புத்தகத்தை வைப்பது, எதை வாசலுக்கு அருகே அடுக்குவது என்பதை அந்தக் கடைக்குள் இருப்பவரே முடிவு செய்கிறார். இந்த இரண்டாவது வகையைத்தான் தனிக் கடை என்கிறேன். சுயாதீனக் கடை என்றும் சொல்வார்கள்.

தமிழ்ச் சூழலில் இந்தக் கோடு அவ்வளவு நேராக இருக்காது. பல கடைகள் பதிப்பகமாகவும் இருக்கும். பல பதிப்பகங்கள் முன்னறையில் நான்கு அலமாரி போட்டு நேரடியாக விற்கும். மயிலாப்பூரில் 1901 முதல் இயங்கும் அல்லயன்ஸ் அப்படி ஒரு பதிப்பகம். நடைபாதையில் தார்ப்பாய் விரித்துப் பழைய புத்தகம் விற்பவரும் நம் கணக்கில் தனிக் கடைக்காரர்தான். அவருடைய தேர்வு அவருடையது.

அண்ணா சாலை ஹிக்கின்பாதம்ஸை இங்கே எங்கே வைப்பது என்று கேட்பார்கள். 1844-இல் தொடங்கிய கடை, 1904-இல் எழுந்த கட்டடம். நீண்ட காலமாக ஒரு பெரிய குழுமத்தின் கையில் இருப்பதால் தனிக் கடை ஆகாது. ஆனாலும் அந்த உயரமான கூரைக்குக் கீழே ஒருமுறையாவது நின்று பார்த்துவிட்டு வாருங்கள்.

எங்கே போகலாம்?

முதல்முறைக்கு ஒரு கடை போதும். ஆர்வத்தில் ஒரே நாளில் ஐந்து கடை என்று திட்டம் போட்டால் மூன்றாவது கடையில் கால் வலிக்கும், முதுகெழுத்துகள் எல்லாம் ஒன்றுபோலத் தெரியும். கீழே சொல்வதில் வீட்டுக்குப் பக்கத்தில் இருப்பதைத் தேர்ந்தெடுப்போம்.

கே.கே. நகரில் டிஸ்கவரி புக் பேலஸ். தமிழ் இலக்கியத்துக்குப் புதிதாக வருபவருக்கு நல்ல வாசல். பல பதிப்பகங்களின் நூல்கள் ஒரே கூரைக்குள் கிடைக்கும். நூல் வெளியீட்டுக் கூட்டங்களும் நடக்கும். அசோக் நகர் அல்லது வடபழனி மெட்ரோவில் இறங்கி ஆட்டோ பிடிக்கலாம்.

தியாகராய நகர் வடக்கு உஸ்மான் சாலையில் நியூ புக்லேண்ட்ஸ். சிற்றிதழ்கள் தேடுபவர்கள் தலைமுறை தலைமுறையாக ஏறி இறங்கிய இடம். தி. நகரிலேயே தீனதயாளு தெருவில் வானதி, மாசிலாமணி தெருவில் கவிதா என்று பதிப்பகங்களும் உண்டு, நடக்கப் பிடித்தவர்களுக்கு ஒரு மாலைப் பொழுது இங்கேயே போய்விடும். தீபாவளிக்கு முந்தைய மூன்று வாரங்கள் மட்டும் தி. நகர்ப் பக்கம் போகாதீர்கள். கடையை அடைவதற்குள் களைத்துவிடுவோம்.

தேனாம்பேட்டை இளங்கோ சாலையில் பாரதி புத்தகாலயம். வரலாறு, அரசியல், கல்வி, அறிவியல், குழந்தை நூல்கள் என்று விலை குறைவான சிறு நூல்கள் நிறைய இருக்கும். பிள்ளைகளோடு போகிறவர்களுக்கு இதையே முதலில் சொல்வேன்.

திருவான்மியூரில் பனுவல். சமூகம், வரலாறு, மொழிபெயர்ப்பு என்று தேடுபவர்களுக்கு ஏற்ற இடம். இங்கும் கூட்டங்கள் நடப்பதுண்டு.

பழைய புத்தகங்கள் வேண்டுமென்றால் வழி வேறு, அதைத் தனியாகப் பார்ப்போம்.

சென்னைக்கு வெளியே இருப்பவர்களுக்கு: கோவை ராஜவீதியில் விஜயா பதிப்பகம், மதுரை மேலவெளி வீதியில் சர்வோதய இலக்கியப் பண்ணை. யாழ்ப்பாணத்திலோ கொழும்பிலோ இருந்தால் பூபாலசிங்கம் புத்தகசாலையை யாரிடம் கேட்டாலும் வழி சொல்வார்கள்.

எவ்வளவு பணம் வேண்டும்?

ஒரு ஆயிரம் ரூபாயை ஒதுக்குவோம். கூடவும் வேண்டாம், முதல்முறை ஐயாயிரத்துக்கு வாங்கிக் குவிப்பவர்கள் அந்தக் குவியலைப் பார்த்தே பயந்து படிக்காமல் விடுகிறார்கள்.

புதிய தமிழ்ப் புத்தகத்தின் விலையைப் பக்கக் கணக்கில் ஊகித்துவிடலாம். சாதா அட்டை என்றால் இப்போது ஏறக்குறைய பக்கத்துக்கு ஒரு ரூபாய் முதல் ஒன்றேகால் ரூபாய் வரை. 280 பக்க நாவல் 300, 350 ரூபாயில் வரும். கெட்டி அட்டை, வண்ணப் படங்கள், மொழிபெயர்ப்பு உரிமைக்குப் பணம் கட்டிய நூல்கள் இதைத் தாண்டும்.

நம் ஆயிரத்தை இப்படிப் பிரிப்போம். ஒரு நடுத்தர நாவல் 350. மெல்லிய கவிதை நூலோ கட்டுரை நூலோ 150. ஒரு சிற்றிதழ் 75. போக வர 100. டீ, வடை 25. ஆக 700. மீதி 300 ரூபாயை எதற்கும் கணக்குப் போடாமல் பையில் வையுங்கள். நாம் தேடாமல் நம் கையில் வந்து சேரப்போகும் புத்தகத்துக்கான பணம் அது. இந்த 300 இல்லாமல் போனால் பயணத்தின் ருசியே பாதியாகிவிடும்.

அச்சிட்ட புத்தகத்துக்கு ஜிஎஸ்டி இல்லை. அட்டையில் போட்டிருக்கும் விலைக்கு மேல் யாரும் கேட்கக் கூடாது, நல்ல கடையில் கேட்கவும் மாட்டார்கள்.

கழிவு கேட்கலாமா?

புத்தக உலகில் தள்ளுபடிக்குக் 'கழிவு' என்று பெயர். சென்னையில் 1977 முதல் நடந்துவரும் புத்தகக் காட்சியில் 10 சதவீதக் கழிவு வழக்கமாகிவிட்டது. அதனால் கடையிலும் அதை எதிர்பார்க்கிறோம். சில கடைகள் கேட்காமலே தரும். தராத கடையில் வற்புறுத்த வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. ஏன் என்று ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம்.

பதிப்பகம் கடைக்குத் தரும் கழிவு பொதுவாக 25 முதல் 40 சதவீதம். 30 என்று வைத்துக்கொள்வோம். 300 ரூபாய்ப் புத்தகத்தில் கடைக்கு நிற்பது 90 ரூபாய். அதில் நாம் 30 ரூபாயைக் கழிவாக எடுத்துக்கொண்டால் மிச்சம் 60. வாடகை, கரன்ட் பில், ஒரு உதவியாளரின் சம்பளம், ஆறு மாதமாக விற்காமல் தூசி ஏறும் புத்தகத்தில் முடங்கிய பணம் எல்லாம் அந்த அறுபதிலிருந்துதான் வர வேண்டும். நாம் தாராளமாக ஒரு மணி நேரம் நின்று படிக்கிறோமே, அந்த நேரத்து மின்விசிறிக்கும் சேர்த்துத்தான்.

கிளம்புவதற்கு முன்

முதலில் ஒரு போன். திறந்திருக்கிறதா, எத்தனை மணி வரை, கடை பழைய இடத்திலேயே இருக்கிறதா என்று கேட்டுவிடுவோம். வாடகை ஏறினால் புத்தகக் கடைகள் இடம் மாறும். ஞாயிறு விடுமுறை விடும் கடையும் உண்டு, ஞாயிறுதான் கூட்டம் என்று திறந்து வைக்கும் கடையும் உண்டு.

இரண்டாவது, ஒரு சின்னத் தாளில் மூன்று விஷயம் எழுதிக்கொள்வோம். கடைசியாக முழுதும் படித்து முடித்த புத்தகம் ஒன்று. பாதியில் வைத்துவிட்ட புத்தகம் ஒன்று. இப்போது மனதில் ஓடும் விஷயம் ஒன்று: அது ஏரிகளாக இருக்கலாம், பாட்டியின் சமையலாக இருக்கலாம், கிரிக்கெட்டாகவும் இருக்கலாம். வாங்க வேண்டிய நூல்களின் பட்டியலை விட இந்தத் தாள் நமக்கு அதிகம் உதவும். எதற்கு என்று உள்ளே போனதும் தெரியும்.

மூன்றாவது, வார நாளில் போக முடிந்தால் காலை பதினொரு மணிக்கு மேல், மதியச் சாப்பாட்டுக்கு முன் போவோம். கடைக்காரருக்குப் பேச நேரம் இருக்கும். இரண்டு மணி நேரம் ஒதுக்குவோம். அவசரம் உள்ள நாளில் போகவே வேண்டாம்.

துணிப்பை ஒன்று, தண்ணீர் பாட்டில் ஒன்று. கண்ணாடி போடுபவர்கள் மறக்காமல் எடுத்துக்கொள்ளுங்கள். கீழ்த்தட்டில் இருக்கும் முதுகெழுத்தை உட்கார்ந்துதான் படிக்க வேண்டியிருக்கும், அதற்கேற்ற உடையும் நல்லது.

உள்ளே நுழைந்ததும்

பையைக் கல்லாவுக்கு அருகே வைத்துவிடுவோம். கேட்பதற்கு முன்பே வைத்தால் அவருக்கும் சங்கடம் இல்லை.

முதல் பத்து நிமிடம் எதையும் எடுக்காமல் ஒரு சுற்று. எந்த அலமாரி எதற்கு என்று கண் பழகட்டும். நாவல், சிறுகதை, கவிதை, கட்டுரை என்று பிரித்திருப்பார்கள். சில கடைகளில் பதிப்பகவாரியாக அடுக்கியிருப்பார்கள். அப்படி இருந்தால் ஒரே எழுத்தாளர் மூன்று இடத்தில் இருப்பார், ஒரு இடத்தில் பார்த்துவிட்டு இல்லை என்று திரும்பிவிடக் கூடாது.

வாசல் மேசையில் இருப்பது புதுவரவு. எல்லாரும் அங்கேயே நிற்பார்கள். நாம் அதை ஒரு பார்வை பார்த்துவிட்டு உள்ளே நகர்வோம். கடையின் குணம் பின்சுவரில்தான் தெரியும். வேகமாக விற்காது என்று தெரிந்தும் விடாமல் வாங்கி வைத்திருக்கும் நூல்கள் அங்கே இருக்கும்: நாட்டார் வழக்காற்றியல், நாடகப் பிரதிகள், ஒரு வட்டாரத்தின் வரலாறு, பழைய தன்வரலாறுகள். கடைக்காரருக்கு எதில் பிரியம் என்று அந்தச் சுவர் காட்டிக்கொடுக்கும்.

இரண்டாவது சுற்றில் கை போகிற புத்தகத்தை எடுப்போம். பின்னட்டையைப் படிக்காதீர்கள், அதில் எல்லாப் புத்தகமும் மகத்தானதுதான். முதல் பக்கத்தையும், நடுவில் எங்காவது ஒரு பக்கத்தையும் படிப்போம். நடுப்பக்கம் பொய் சொல்லாது. தொடக்கத்தை எல்லாரும் மெருகேற்றுகிறார்கள், நூற்று இருபதாம் பக்கத்தில் மொழி எப்படி நடக்கிறது என்பதே உண்மை நிலவரம்.

கல்லாவுக்குப் பக்கத்தில் சிற்றிதழ்கள் இருக்கும். 1965-இல் தொடங்கிய கணையாழி, 1988-இல் சுந்தர ராமசாமி தொடங்கிய காலச்சுவடு, பிறகு வந்த உயிர்மை போன்றவை. ஒன்று வாங்குங்கள். ஒரு இதழில் பத்துப் பேர் எழுதியிருப்பார்கள், அதில் ஒருவர் நமக்குப் பிடித்துவிட்டால் அடுத்த முறை யாருடைய புத்தகத்தைக் கேட்பது என்று தெரிந்துவிடும். 75 ரூபாயில் இதைவிட நல்ல அறிமுகம் இல்லை.

கடைக்காரரிடம் எப்படிக் கேட்பது?

இங்கேதான் புதியவர்கள் தயங்குகிறார்கள். 'எனக்கு ஒன்றும் தெரியாது என்று நினைத்துவிடுவாரோ' என்ற கூச்சம். அவருக்கு அந்த நினைப்பே வராது. ஒரு நாளில் அவரிடம் வரும் கேள்விகளில் பெரும்பாலானவை "இந்தப் புத்தகம் இருக்கா?" என்பதுதான். அதைத் தாண்டி ஒருவர் வாய் திறந்தால் அவருக்கு அது நல்ல நாள்.

"நல்ல புத்தகம் ஏதாவது சொல்லுங்கள்" என்று மட்டும் கேட்க வேண்டாம். பாவம், அவர் எங்கிருந்து தொடங்குவார்? நம் தாளை எடுப்போம். "சார், பொன்னியின் செல்வன் ரெண்டு தடவை படிச்சிட்டேன். அதுக்குப் பிறகு ஒரு பெரிய நாவல் எடுத்தேன், நூறு பக்கத்துக்கு மேல ஓடல. எங்க ஊர் ஏரியைப் பத்தித்தான் இப்ப யோசனை. எனக்கு என்ன தருவீங்க?" இப்படிக் கேட்டால் அவர் நாற்காலியை விட்டு எழுந்துவிடுவார்.

பாதியில் விட்ட புத்தகத்தைச் சொல்வதில் வெட்கம் வேண்டாம். பிடித்ததை விடப் பிடிக்காததுதான் அவருக்குத் துல்லியமான துப்பு. அளவு பயமுறுத்தியதா, நடை ஓடவில்லையா, பேச்சுவழக்கு புரியவில்லையா என்று பிரித்துப் பார்ப்பார். அளவுதான் சிக்கல் என்றால் அசோகமித்திரனின் 'தண்ணீர்' போன்ற சிறிய நாவலை எடுத்துக்கொடுக்கலாம். ஒரே அமர்வில் முடியும், சென்னையின் தண்ணீர்க் கஷ்டத்துக்குள் ஒரு வாழ்க்கையே இருக்கும்.

அவர் தந்த இரண்டு மூன்று நூல்களில் குறைந்தது ஒன்றையாவது வாங்குவோம். எதுவும் நமக்கு ஒத்துவரவில்லை என்றால் ஏன் என்று சொல்வோம். "இது கொஞ்சம் கனமா இருக்கு" என்றால் போதும், அவர் அடுத்த அலமாரிக்குப் போவார்.

புத்தகத்தைத் திருப்பிப் பார்ப்போம்

வாங்குவதற்கு முன் உடலைச் சோதிக்க வேண்டும். முதுகை லேசாக வளைத்துப் பார்த்தால் ஒட்டு பலமா என்று தெரியும். ஒட்டு மட்டும் போட்ட தடிமனான புத்தகம் இரண்டாம் வாசிப்பில் இலை உதிர்க்கும். தையல் போட்டது நிற்கும். மேல் விளிம்பைப் பாருங்கள், சின்னச் சின்னக் கட்டுகளாகப் பிரிந்து தெரிந்தால் தைத்திருக்கிறார்கள்.

அந்தக் கட்டுக்குப் 'பாரம்' என்று பெயர், பொதுவாக 16 பக்கம். அச்சகத்தில் பாரம் மாறினால் 16 பக்கம் இரட்டிப்பாகவும் இன்னொரு 16 பக்கம் இல்லாமலும் போகும். பக்க எண்களை விரலால் ஓடவிட்டால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். அப்படி இருந்தால் கடையில் மாற்றித் தருவார்கள், பில்லை வைத்திருப்போம்.

பிறகு பதிப்புரிமைப் பக்கம். எனக்கு மிகவும் பிடித்த பக்கம் இது. முதற்பதிப்பு எப்போது, இது எத்தனையாவது பதிப்பு என்று அங்கே இருக்கும். கொஞ்சம் பழைய தமிழ்ப் புத்தகங்களில் 'நூல் விவரம்' என்று ஒரு பட்டியலே போட்டிருப்பார்கள்: நூலின் அளவு, டெம்மி அல்லது கிரவுன்; தாளின் தன்மை, மேப்லித்தோ இத்தனை கிலோ; எழுத்தின் அளவு இத்தனை புள்ளி. வயதானவருக்கு வாங்குகிறோம் என்றால் எழுத்தின் அளவைத்தான் முதலில் பார்க்க வேண்டும். 10 புள்ளியில் நெருக்கிப் போட்ட நூலை அப்பாவுக்குப் பரிசளித்தால் அது மேசையிலேயே இருக்கும்.

978 என்று தொடங்கும் 13 இலக்க எண் இருந்தால் போனில் ஒரு படம் எடுத்துக்கொள்வோம். பின்னால் அதே பதிப்பைக் கேட்க வேண்டுமானால் அந்த எண் ஒன்றே போதும்.

நாட்டுடைமை நூல்களில் கூடுதல் கவனம் தேவை. கல்கி, புதுமைப்பித்தன் போன்றவர்களின் எழுத்தை யார் வேண்டுமானாலும் அச்சிடலாம், அதனால் ஒரே நூலுக்குப் பத்துப் பதிப்புகள் அலமாரியில் நிற்கும். விலை குறைந்ததைக் கண்ணை மூடி எடுத்தால் சில சமயம் எழுத்துப்பிழையும் விடுபட்ட வரிகளும் சேர்ந்தே வரும். இரண்டு பதிப்பை அருகருகே வைத்து ஒரே அத்தியாயத்தின் முதல் பக்கத்தை ஒப்பிடுவோம். ஆய்ந்து பதிப்பித்த நூலுக்குக் கொஞ்சம் கூடுதல் பணம் தரலாம். ஆ. இரா. வேங்கடாசலபதி பதிப்பித்த 'புதுமைப்பித்தன் கதைகள்' கையில் கிடைத்தால் பின்னிணைப்புகளைப் புரட்டிப் பாருங்கள். ஒரு கதை முதலில் எந்தப் பத்திரிகையில் எப்போது வந்தது என்பது வரை தேடிக் கொடுத்திருக்கும் உழைப்பு அது.

பழைய புத்தகக் கடைகள்: ஒரு ரயில் பாதை

புதுப் புத்தகக் கடையில் இரண்டு மூன்று முறை பழகிய பிறகு இதற்கு வருவோம். சென்னையில் இதற்கென்றே அமைந்ததுபோல ஒரு பாதை இருக்கிறது: கடற்கரையிலிருந்து வேளச்சேரி போகும் பறக்கும் ரயில். பத்து ரூபாய் டிக்கெட்டுக்குள் நாலு புத்தகப் பேட்டையைத் தொட்டுவிடலாம்.

முதலில் பூங்கா நகர். இறங்கினால் சென்ட்ரல் பக்கம். 1900-இல் திறக்கப்பட்ட மூர் மார்க்கெட் இங்கேதான் இருந்தது. 1985 மே 30 அன்று தீயில் அழிந்தது. அந்த இடத்தில் இப்போது ரயில்வேக் கட்டடம் நிற்கிறது. வியாபாரிகள் பக்கத்தில் உள்ள அல்லிக்குளம் வளாகத்துக்கு மாறினார்கள், பழைய பெயரும் கூடவே வந்தது. இப்போது பெரும்பகுதி பாடப்புத்தகமும் தேர்வு நூல்களும்தான். ஆனால் அடுக்கின் அடியில் கை விட்டுப் பார்க்கும் பொறுமை இருந்தால் பழைய நாவலும் அகராதியும் வரும்.

அடுத்து திருவல்லிக்கேணி. பாரதி சாலை, பழைய பெயர் பைகிராப்ட்ஸ் சாலை. ஞாயிற்றுக்கிழமை மற்றக் கடைகள் மூடியிருக்கும்போது அவற்றின் வாசலில் நடைபாதைக் கடைகள் விரியும். வெயில் ஏறுவதற்கு முன் போய்விட வேண்டும். பிறகு திருமயிலை, லஸ் முனைப் பக்கத்து நடைபாதை. கடைசியாகத் திருவான்மியூரில் இறங்கினால் பனுவலில் புதுப் புத்தகமும் பார்த்துவிடலாம். நாலையும் ஒரே நாளில் செய்ய வேண்டாம், இரண்டு போதும். ஞாயிறு ரயில்கள் குறைவு என்பதையும் கணக்கில் வைப்போம்.

இங்கே பேரம் உண்டு. முதல் பக்கத்தில் பென்சிலால் விலை எழுதியிருப்பார்கள், அல்லது முகத்தைப் பார்த்துச் சொல்வார்கள். அட்டை விலையில் பாதி, மூன்றில் ஒரு பங்கு என்பது சாதாரணம். ஒவ்வொன்றாகக் கேட்காமல் நாலைந்தைச் சேர்த்து எடுத்து, "எல்லாம் சேர்த்து எவ்வளவுண்ணே?" என்று கேட்டால் விலை தானாக இறங்கும். அச்சில் இல்லாத நூலுக்கு அவர் அதிகம் கேட்டால், அவருக்கு அதன் மதிப்பு தெரிந்திருக்கிறது என்று பொருள். மதிப்புத் தெரிந்தவரிடம் அதிகம் இழுக்காதீர்கள். சில்லறையும் பத்து இருபது ரூபாய்த் தாள்களும் கையில் இருக்கட்டும்.

கவனம்

நடைபாதையில் புது ஆங்கில நாவல் 150 ரூபாய்க்குக் கிடைக்கிறதா? தாள் மெலிந்து, எழுத்து மங்கி, அட்டை வழவழவென்று இருந்தால் அது கள்ளப் பதிப்பு. எழுதியவருக்கு ஒரு காசு போகாது. வேண்டாம்.

நூலக முத்திரை உள்ள புத்தகத்தில் 'நீக்கப்பட்டது' என்ற இன்னொரு முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் வைத்துவிடுங்கள். யாரோ ஒரு மாணவர் அதைத் தேடிக்கொண்டிருக்கலாம்.

கடையில் பக்கங்களைப் படமெடுத்துக்கொண்டு போய் இணையத்தில் ஆர்டர் செய்யாதீர்கள். இதை நான் கோபத்தோடுதான் சொல்கிறேன். தேர்ந்தெடுத்துக் கொடுத்தவர் ஒருவர், பணம் வேறொருவருக்கு என்றால் அந்தக் கடை எத்தனை மாதம் திறந்திருக்கும்?

எச்சில் தொட்டுப் பக்கம் புரட்ட வேண்டாம். எடுத்ததை எடுத்த இடத்தில் வைப்போம், இடம் மறந்துவிட்டால் கல்லாவில் கொடுத்துவிடுவோம். தவறான இடத்தில் சொருகிய புத்தகம் அடுத்த இருப்புக் கணக்கு வரை தொலைந்ததற்குச் சமம்.

வீட்டுக்கு வந்த பிறகு

பழைய புத்தகத்தை நேராக அலமாரியில் வைக்காதீர்கள். இராமபாணப் பூச்சி இருந்தால் பக்கத்துப் புத்தகங்களுக்கும் பரவும். வாசலில் வைத்துப் பக்கங்களை உதறி, மெல்லிய தூரிகையால் தட்டி, இரண்டு மூன்று நாள் நிழலில் காற்றாட விடுவோம். கடும் வெயில் ஆகாது, தாள் நொறுங்கும்.

முதல் பக்க மூலையில் தேதி, கடையின் பெயர், ஊர் மூன்றையும் பென்சிலால் எழுதுங்கள். பில்லை நடுவில் வைத்துவிடுங்கள். பத்து வருடம் கழித்து அந்தப் பில் கீழே விழும்போது அன்று யாரோடு போனோம், மழை பெய்ததா என்பது வரை ஞாபகம் வரும். எனக்கு வந்திருக்கிறது.

அன்றிரவே பத்துப் பக்கம் படித்துவிடுவோம். தொட்டுவைத்த புத்தகம் நம்மைக் கூப்பிடும், தொடாதது அலமாரிப் பொருளாகிவிடும்.

இரண்டாம் முறை

ஒரு மாதம் கழித்துப் போவோம். போனதும் சென்ற முறை வாங்கியது எப்படி இருந்தது என்று சொல்வோம். பிடிக்கவில்லை என்றாலும் சொல்வோம். கூட்டம் நடக்கும் கடை என்றால் அடுத்த கூட்டம் எப்போது என்று கேட்போம். பெரும்பாலும் சனி, ஞாயிறு மாலை, அனுமதி இலவசம், பின்வரிசையில் உட்கார்ந்து கேட்டுவிட்டு வரலாம். நாம் படித்த நூலை எழுதியவர் மூன்று நாற்காலி தள்ளி டீ குடித்துக்கொண்டிருப்பார்.

இந்த முறை, கடையில் இல்லாத ஒரு புத்தகத்தைக் கேளுங்கள். "வரவழைத்துத் தருவீர்களா?" என்று கேட்டால் கல்லாவின் அடியிலிருந்து ஒரு நீள நோட்டு வெளியே வரும். அதில் நூலின் பெயர், பதிப்பகம், நம் பெயர், போன் எண் என்று ஒரு வரி எழுதுவார். பதிப்பகத்திலிருந்து வர ஒரு வாரம் ஆகலாம், வெளியூர் என்றால் இரண்டு வாரமும் ஆகலாம். போன் வந்ததும் அந்த வாரத்துக்குள் போய் எடுத்துக்கொள்வோம், நமக்காகக் கைப்பணம் போட்டு வாங்கி வைத்திருக்கிறார். கல்லாவுக்குப் பின்னால் தனித் தட்டில், நம் பெயர் எழுதிய துண்டுத்தாள் சொருகி அது நின்றுகொண்டிருக்கும்.